அண்ணன் வெளியூரில் இருக்கவில்லை

எங்கள் அண்ணன் அவர்கள் எம்மை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகின்ற இவ்வேளையில், இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அயலவர்களுக்கும் என் வணக்கம். வணக்கம் சொல்லியாயிற்று. இனி நான் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். மனதுக்கு இதமாக எதையாவது வாசிக்க விரும்புவோர் அடுத்த பக்கத்திலுள்ள தேவாரத்துக்குப் போய்விடலாம்.

சென்ற ஆண்டு முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சிட்ட பிரசுரத்தில் அண்ணனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர் எங்கள் தாய்மாமா. குடும்பத்தில் மூத்தவர் எழுதுவதுதானே முறை என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த வேலை எல்லாம் சரியாகவே இருந்தன. சுனாமிக்குப் பிந்திய காலத்துக்கு வந்ததும் மாமா இப்படி எழுதியிருந்தார்: ‘பின்னர் சில காலம் வெளியூரில் இருந்தார்.’ அச்சாகி, கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த வரி என் கண்ணில் பட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டு வாழைப்பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வெளியூரில் இருக்கவில்லை. என் வீட்டு முற்றத்திலிருந்து, என் கண் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் எதற்காகப் பிடித்தார்கள் என்று விளங்க வேண்டுமானால், அவர் என்ன மாதிரியான மனிதர் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அண்ணன் பிறந்தது திமிலைதீவில், வாவிக்கரையில். விமானம் இறங்கும் ஓடுபாதை அங்கிருந்து அதிக தூரமில்லை. எங்கள் சின்ன வயதில் கொழும்பிலிருந்து சிறிய விமானங்கள் வந்து போகும். மற்றப் பிள்ளைகள் அது கிளம்புவதைப் பார்க்க ஓடுவார்கள். அண்ணன் இறங்குவதைப் பார்க்கத்தான் ஓடுவார். ஏன் என்று கேட்டால், “ஏறுறத்துக்குப் பலம் காணும் புள்ள. இறங்குறத்துக்குத்தான் வடிவா யோசிக்கணும்” என்பார். அப்போது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை.

விமானியாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் வீடு திரும்பிய நாளில் எங்கள் அம்மா அழுதார். மாமா சிரித்தார். மாமாவின் மகளை அண்ணனுக்குத்தான் பேசி வைத்திருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சை மாமாவே முறித்தார். “வானத்தப் பாத்துக்கிட்டு நடக்கிறவனுக்கு என்ட மகளக் குடுத்தா, அவள் கிணத்துக்குள்ளதான் குடும்பம் நடத்தணும்” என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அண்ணன் அதற்குப் பிறகு எவரையும் மணக்கவில்லை. மச்சாள் கொடுத்து வைக்காதவர் என்பதோடு இதை விடுகிறேன்.

விமானம் ஓட்ட முடியாதவர் கொழும்புப் பக்கம் போய்க் கைத்தொழில் வடிவமைப்புப் படித்தார். எங்கள் ஊரில் வடிவு என்றால் அழகு அல்லவா? வடிவமைப்பாளர் என்றதும், “மணவறை சோடிக்கிற வேலையா தம்பி?” என்று கேட்டவர்கள் உண்டு. அண்ணன் பொறுமையாக விளக்குவார். நீங்கள் இருக்கும் கதிரையின் கால் இந்தச் சாய்வில் இருக்க வேண்டும், கேத்தலின் பிடி கையைச் சுடாமல் இந்த வளைவில் இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார், அதுதான் என் வேலை என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, மணவறைக்கு எவ்வளவு கேட்பாய் என்று மறுபடியும் தொடங்குவார்.

முதலில் மின்விசிறி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. விசிறியின் இலைகளை எங்கள் பக்கத்தில் செட்டை என்போம். கோழிக்கும் செட்டை, விசிறிக்கும் செட்டை, விமானத்துக்கும் செட்டை. இந்தச் சொல்லைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விமானச் செட்டையின் வளைவை விசிறிக்குக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் சுற்றும் விசிறி ஒன்றை அண்ணன் வடிவமைத்தார். அது நன்றாக விலை போனதாம்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் ஊர்க் கூரைகள் எல்லாம் பறந்தபோது அவர் விடுமுறையில் வந்திருந்தார். மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, இவர் எந்தக் கூரை பறந்தது, எது பறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நடந்தார். விசரன் என்றார்கள். எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். எனக்கென்று சீதன வீடு கட்டியபோது கூரையை அண்ணன்தான் வரைந்தார். “புள்ள, உன்ட வீட்டுக் கூர பறக்காது. நான் ஆசப்பட்டதுல பறக்கக் கூடாத ஒரே சாமான் இதுதான்” என்றார். பின்னர் வந்த எந்தக் காற்றுக்கும் அந்தக் கூரை அசையவில்லை. இந்தக் கட்டுரையும் அதன் கீழ் இருந்துதான் எழுதப்படுகிறது.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டை எரித்தார்கள். உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்தார். அவரைத் துரத்தியவர்களின் வீடுகளிலும் அவருடைய விசிறி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டுதானே இருந்திருக்கும் என்று நான் பொருமினேன். “காத்து எல்லாருக்கும்தான் புள்ள” என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

என் வீட்டு வளவின் பின்புறத்தில் ஒரு பட்டறை போட்டுக்கொண்டு அவர் செய்தவற்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து நோயாளிகளை ஏற்றிவர வாகனம் இல்லாத காலத்தில், சைக்கிளோடு பூட்டி இழுக்கும் தள்ளுபடுக்கை செய்தார். மிதிவெடியில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்தார். விமானச் செட்டைக்குள் இருக்கும் எலும்புக்கூடு போலக் குறுக்குச் சட்டம் வைத்து, அதனால் பாரம் குறைந்து, நடப்பவரை இழுத்து விழுத்தாத கால் அது. ஒவ்வொரு காலையும் பூட்டும்போதும், “குதிக்கால் நிலத்தில் இறங்குறத்தப் பாத்து வெயுங்க” என்பார். சின்ன வயதில் ஓடுபாதையில் பார்த்ததைத்தான் அவர் கடைசிவரை செய்துகொண்டிருந்தார். அந்தக் கால்களில் நடந்து வந்து கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள் இம்மலரை வாசிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் செத்த வீட்டுக்கு வந்தார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சுனாமி வந்தது. அந்த மார்கழிக் காலையைப் பற்றி இங்கு எழுத மாட்டேன். நாங்கள் எல்லோரும் யாரையாவது கடலுக்குக் கொடுத்தோம். வெள்ளம் வடிந்த பின் அண்ணன் கதிரவெளிக்குப் போனார். அங்கே கடற்கரைக் கிணறுகளெல்லாம் உப்பாகிக் கிடந்தன. திரும்பத் திரும்ப இறைத்துத் தள்ளினால்தான் நல்ல தண்ணீர் ஊறும். இறைக்க இயந்திரம் கொடுத்தார்கள், எண்ணெய்க்குத் தடை. எனவே காற்றில் சுற்றி இறைக்கும் காற்றாடி ஒன்றை அண்ணன் வரைந்தார். உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரர் வரைபடத்தைப் பார்த்துப் பாராட்டினார். அவர் கேட்ட முதல் கேள்வி, எங்கள் நிறுவனத்தின் பெயரைச் செட்டையில் எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்பது. ஒரு பக்கம் மட்டும் மை பூசினால் செட்டை நடுங்கும் என்றார் அண்ணன். பெயர் எழுத முடியாத காற்றாடிக்கு அவர்களிடம் திட்டம் இருக்கவில்லை. அண்ணன் தாமே மரத்தைச் சீவி, மேலே நாரிழைத் துணி ஒட்டி, முதல் செட்டையைச் செய்து முடித்தார்.

அந்தச் செட்டையைப் பற்றி யாரோ காட்டுப் பக்கம், இயக்கத்தாரிடம், சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் வந்தார்கள். பறக்கிற ஒன்றைச் செய்ய இப்படி வேலை தெரிந்தவர் தங்களுக்குத் தேவை என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தேநீர் வைத்துக்கொண்டு நானும் நின்றேன்.

“தம்பி, நீங்க செய்யிற சாமான் இறங்குறத்துக்கு எங்க இடம் வெச்சிரிக்கிங்க?” என்று அண்ணன் கேட்டார்.

“அதப் பத்தி நீங்க யோசிக்கத் தேவல்ல அண்ணன்.”

“அப்ப எனக்கு இதில வேல இல்ல. இறங்காத சாமானுக்கு நான் செட்ட வெட்டுறல்ல.”

அவர்கள் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதன் பின் பல நாட்களாக எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அதனால் இன்றுவரை என் சொல்லை எவரும் எடுக்கவில்லை.

வாகரைப் பக்கம் சண்டை வந்து கதிரவெளிச் சனம் அகதி முகாமுக்குப் போயிற்று. செட்டை பட்டறையில் கிடந்தது. அந்த வேளையில்தான் இயக்கத்தின் சிறு விமானங்கள் வந்து குண்டு போட்டன என்று செய்திகள் அடிபட்டன. ஒரு காலை சீருடை போட்டவர்கள் என் வளவுக்குள் வந்தார்கள். மொழிபெயர்க்க ஓர் இளைஞரையும் கூட்டி வந்திருந்தார்கள். தமிழர்தான், ஆனால் எங்கள் பக்கத்தவர் அல்லர். அதிகாரி செட்டையைக் காட்டிக் கேட்க, அந்த இளைஞர் அண்ணனிடம் கேட்டார்.

“இது என்னாங்க?”

“செட்ட.”

“சேட்டையா? யாருகிட்ட சேட்டை பண்றீங்க?”

“சேட்டை இல்ல தம்பி. செட்ட. றெக்க.”

“எதோட றெக்கை?”

“காத்தாடியின்ட.”

அந்த இளைஞரின் ஊரில் காத்தாடி என்றால் நூல் கட்டிப் பறக்க விடுவது போலும். அவர் அதிகாரியிடம் திரும்பி, பறக்கும் ஒன்றின் சிறகு என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று அதுவரை பேசாமல் இருந்தவர், இப்போது சிங்களத்தில் திருத்தினார். கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி என்று விளக்கினார். அதிகாரியின் முகம் மாறியது. இவ்வளவு நல்ல சிங்களம் தெரிந்தவன் இதுவரை ஏன் தெரியாதவன் போல நின்றான் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு அண்ணன் சொன்ன உண்மையான பதிலை அங்கே நின்ற ஒருவரும் நம்பவில்லை.

கடைசியாக அதிகாரி நேராகக் கேட்டார், இது விமானத்தின் செட்டையா இல்லையா என்று. ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “வடிவம் அதேதான், வேலை வேறு” என்று சிங்களத்தில் சொன்னார். தாம் செய்த பொருளைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது. கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள். செட்டையையும் வாகனத்தில் ஏற்றினார்கள். இதுதான் மாமா எழுதிய வெளியூர்.

அந்த வெளியூருக்கு நானும் என் கணவரும் போகாத நாளில்லை என்று சொல்லலாம். ஒரு முகாமில் இல்லை என்பார்கள், அடுத்த முகாமுக்கு அனுப்புவார்கள். அங்கே இருப்பவர், நீங்கள் முதலில் போன இடத்தில்தான் கேட்க வேண்டும் என்பார். அண்ணனுடைய கண்ணாடி வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்தது. அதையாவது அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கும் ஆளில்லை. சண்டை வன்னிக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவரை விட்டுவிட்டார்கள். குற்றம் எதுவும் இல்லை என்றார்கள். அந்த மரச் செட்டையையும் மற்றச் சாமான்களோடு திருப்பிக் கொடுத்தார்கள். முனை உடையவில்லை. அதை உடைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு மனிதரை அப்படி வைத்திருக்கத் தெரியவில்லை.

அண்ணனின் கழுத்தில் ஏதோ செய்திருந்தார்கள். என்ன என்று அவர் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து அவருடைய தலை ஓயாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் ஆடும், நித்திரையிலும் ஆடும்.

உறவினர்களே, இனி எழுதப் போவது உங்களைப் பற்றி. போர்க் காலத்தில் சாக்கால் முகம் மூடி, வரிசையில் நிற்பவர்களைக் காட்டிக் கொடுக்க நிறுத்தப்பட்டவர்களை என்ன பெயரால் அழைத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். தலையாட்டி. தலையை ஆட்டினால் எதிரே நிற்பவன் முடிந்தான். அண்ணன் சந்திக் கடைக்குத் தேங்காய் வாங்கப் போனபோது ஒருவர் மற்றவரிடம், “தலையாட்டி போறார்” என்றார். கடை சிரித்தது. மற்றவர்கள் திரும்பி வராதபோது இவர் எப்படி வந்தார் என்று ஊர் கேட்டது. அதே கடையில், அதே வாய்கள், காட்டுக்காரருக்கு விமானச் செட்டை வெட்டிக் கொடுத்தவர் இவர்தான் என்றும் சொல்லின. ஒருவர் எப்படி இரண்டு பக்கத்துக்கும் ஆளாக இருக்க முடியும் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் பூட்டிய காலில் நடந்து அந்தக் கடைக்கு வந்தவரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார். அவர் பெயர் எனக்குத் தெரியும். இம்மலர் அவருக்கும் அனுப்பப்படுகிறது.

வைகாசியில் சண்டை முடிந்தது. வெடி கொளுத்தினார்கள். அண்ணன் பட்டறைக்குள் போய்ச் செட்டைக்கு மெழுகு பூசத் தொடங்கினார். கதிரவெளிச் சனம் ஏற்கெனவே ஊர் திரும்பியிருந்தது. சில வாரங்களில் மற்றச் செட்டைகளையும் சீவி, என் கணவரோடு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் காற்றாடியை நிறுத்தினார். நானும் போனேன். கடற்காற்று எழும்ப, அது முதலில் தயங்கி, மறுகா கிறுகிச் சுற்றத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வந்தது. ஊர்ப் பெண்கள் குடங்களை வைத்தார்கள். அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தலை ஆடியபடியே இருந்தது. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் பின் அவர் அதிக காலம் இருக்கவில்லை. உள்ளுறுப்புகள் பழுதடைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். கடைசி நாட்களில் கட்டிலை யன்னலோரம் போடச் சொன்னார். ஓடுபாதைக்கு இப்போது வருபவை வேறு விமானங்கள். ஆனாலும் இறங்கும் சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பார். “வடிவா இறக்கிட்டான்” என்று ஒரு நாள் சொன்னார். என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

செத்த வீட்டில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. வாடகைக்கு எடுத்தவற்றில் பாதியை விரிக்கவே இல்லை. எங்களோடு பேசிப் பழகியவர்களும் அண்ணன் பூட்டிய கால்களில் நடந்தவர்களும் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் கதிரவெளியிலிருந்து ஒரு மீனவர் வந்தார். அவர் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது உங்களுக்கு விளங்கும். அண்ணனின் காலடியில் இருந்து கும்பிட்டுவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“என்னையும் அங்கதான் வெச்சிருந்தாங்க ஐயா. ஒரு நாள் என்னக் கொண்டுவந்து இவருக்கு முன்னால நிப்பாட்டினாங்க. இவன்தான் உன்னட்டச் செட்ட வாங்க வந்தவன் எண்டு தலைய ஆட்டு, உன்ன உடுறம் எண்டாங்க. இவர் ஆட்டல்ல. கழுத்தப் புடிச்சி ஆட்டப் பாத்தாங்க. ஆட்டவே இல்ல. கண்ணாடி இல்லாம என்ன வடிவாத் தெரிஞ்சிருக்காது இவருக்கு. நான் ஆரெண்டும் தெரியா. மறுகா என்னக் கொண்டுபோயிட்டாங்க. பின்னுக்கு இவர் கத்துற சத்தம் கேட்டிச்சி.”

அண்ணனின் தலை ஏன் ஆடியது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். அந்தத் தலை ஆடியது, ஆட்டச் சொன்னபோது ஆட்டாததற்காக. மாமாவும் கேட்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆனாலும் பிரசுரத்தில் வெளியூர் என்றுதான் எழுதினார். போய்ச் சண்டை பிடித்தேன். “நாளைக்கும் நாங்க இஞ்ச இரிக்கணும் புள்ள. எனக்குப் பேரப் புள்ளைகள் இரிக்கி” என்றார். பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அண்ணனுக்கும் பயம் இருந்திருக்கும் மாமா. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவர் அதைத் தாங்கிக்கொண்டார். நீங்கள் சொந்த மருமகனுக்காக ஒரு வரியைத் தாங்கியிருக்கலாம்.

இந்த ஆண்டு மலருக்கு நான்தான் எழுதுவேன் என்றபோது மாமா தடுக்கவில்லை. “எழுதுறண்டா எழுது. என்ட பேரப் போட்டிராத” என்றார். போடவில்லை. தாய்மாமா என்றுதான் போட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரேயொரு தாய்மாமா இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். முகாம் முகாமாக என்னோடு அலைந்த என் கணவருக்கு நன்றி. கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், அண்ணனை நீராட்டி வெள்ளை உடுத்திவிட்ட அயலவர் சிலருக்கும் நன்றி. பேருந்து மாறி மாறி வந்து, எல்லோருக்கும் கேட்கப் பேசிவிட்டு, சோறுகூட உண்ணாமல் திரும்பிப் போன அந்தக் கதிரவெளி மனிதருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியாது. காற்றாடி இன்றும் கிறுகிக்கொண்டிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இப்போது குடிக்கலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

செத்த வீட்டுக்கு வராதவர்களுக்கும் வீடு தேடி இம்மலரைக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். எங்களிடம் வந்து மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். வாசித்து முடித்ததும், ஓம், இந்த மனிதர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று, இருக்கும் இடத்தில் இருந்தபடியே ஒருமுறை தலையை ஆட்டுங்கள். உங்கள் கழுத்தை எவரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

அன்புத் தங்கை